யார் வீட்டு முனாஜாத்து

ஷேக் அலாவுதீன் புலவரானதில் ரொம்பவும் குழம்பிப்போன ஆள் ஷேக் அலாவுதீன்தான். போன மாதம் வரைக்கும் பினாங்கு வெல்ட் கீ படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அவர் சோத்து பாய். தோளில் ஒரு கட்டை, அதன் ஒரு முனையில் சோற்றுத் தொட்டி, மறு முனையில் மீன் குழம்பும் மாட்டுக் கறியும் வெண்டைக்காயும் அடுக்கிய பானைகள். அந்தக் கட்டையைத்தான் இந்த ஊரில் கண்டார் என்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் துறைக்குப் போய்க் கட்டையை இறக்கி, குந்தி உட்கார்ந்து இலை போட ஆரம்பித்தாரானால் மத்தியான லுஹர் பாங்குக்குள் பானைகள் காலி. இதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். எழுத்து என்று பார்த்தால் தமிழில் கையெழுத்துப் போடுவார், அதையும் கொஞ்சம் யோசித்துத்தான் போடுவார். இப்போது அதே மூட்டைக்காரர்கள் இலையை நீட்டிக்கொண்டே, "புலவரே, மீன் தலை இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

எல்லாம் சூலியா தெருவில் இருக்கும் ஜபருல்லாவின் அச்சுக்கூடத்தால் வந்தது. அந்த வாசலில் தைலப் புட்டிகளுக்கும் காலண்டர்களுக்கும் நடுவே ரோஸ் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகங்கள் கயிற்றில் தொங்குகின்றன. கண்ணொளி முனாஜாத்து, பினாங்கு ஷேக் அலாவுதீன் அவர்கள் இயற்றியது என்று அட்டையில் போட்டிருக்கிறது. முனாஜாத்து என்றால் அல்லாஹ்விடம் மனசைத் திறந்து, அழுது கேட்கிற பாட்டு. அதைப் பாடியது அலாவுதீன் இல்லை, அவர் மனைவி சலேஹா. இதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டி உங்களை அசத்த எனக்கு விருப்பமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சூலியா தெருவுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக ஒரு வரிசை வீடுகள். அதில் மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான அடுக்களை ஒன்று. விடியற்காலை சுப்ஹு தொழுகைக்கு முன்பே அங்கே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். சலேஹா அம்மியில் உட்கார்ந்தால் மிளகாய், மல்லி, சீரகம், காய்ந்த மஞ்சள் என்று வரிசையாக அரைத்துக்கொண்டே போவாள். மழைக்காலத்தில் விறகு நனைந்து புகை கண்ணைக் கரிக்கும். அம்மிக்கல் முன்னும் பின்னும் போகிற வேகத்துக்கு அவள் வாயில் ஏதாவது ஓர் அடி வந்து உட்காரும். அடுத்த வீட்டு ஹமீதா சோறு வடித்துக்கொண்டே அதைத் திருப்பிப் பாடுவாள். சலேஹாவுக்குச் சின்ன வயதில் ஓதிக்கொடுத்தவர்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பிடித்துப்போன அடிகளை மட்டும் அந்த எழுத்தில் எழுதி அரிசிப் பானை மூடிக்கு அடியில் வைப்பாள்.

போன மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே மகள் சித்தி ஆயிஷாவுக்குக் கண் நோவு வந்தது. முதலில் சிவந்தது, பிறகு சீழ் கட்டியது, பிறகு பிள்ளை சுவரைத் தடவி நடந்தது. ஆஸ்பத்திரி மருந்து எரிச்சல் எடுத்தது. பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, யாரோ சொன்ன தாய்ப்பால் என்று எதையும் விடவில்லை. எதிலும் ஆகாமல் சலேஹா தர்காவுக்குப் போய் நேர்ந்துகொண்டாள். பிள்ளைக்குப் பார்வை திரும்பினால், தான் பாடுகிற முனாஜாத்தை அச்சுப் போட்டு, அங்கே கொண்டுவந்து ஓதுவதாக நேர்ச்சை. அன்றிலிருந்து அம்மியில் உட்கார்ந்தால் அந்தப் பாட்டுதான். மழை விட்டபோது பிள்ளைக்குக் கண் தெளிந்தது. முற்றத்தில் கிடந்த எறும்பைக் காட்டி, "உம்மா, இது நடக்குது" என்று அது சொன்ன அன்றைக்கு சலேஹா அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள், குழம்பு பாதியில் நின்றது, சோத்து பாய் அன்று துறைக்குப் போகவில்லை.

தாள்களைச் சேர்த்து அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோனது அலாவுதீன். புத்தகம் கட்டி வந்ததும் சலேஹா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, பிஸ்மி சொல்லித்தான் வாங்கினாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச காலம் போன ஆயிஷாவுக்குத் தெரியும். பிள்ளையை மடியில் இருத்தி, "படி, நீயே படி. உன் கண்ணுக்குப் பாடினது, உன் கண்ணாலேயே படி" என்றாள்.

ஆயிஷா எழுத்துக் கூட்டினாள். "பாராட்டி... நான் வளர்த்த... பாலகனின் கண்ணிரண்டும்..."

"சரியாப் படி புள்ள. பாலூட்டி நான் வளர்த்த பைங்கிளியின் கண்ணிரண்டும்."

"இல்ல உம்மா. பாராட்டின்னுதான் இருக்கு. பாலகன்னா யாரு உம்மா?"

"ஆம்பளப் புள்ள."

"எந்த ஆம்பளப் புள்ள?"

அந்த வீட்டில் ஆண் பிள்ளை இல்லை, பிறந்து தங்காமல் போனதும் இல்லை. சலேஹா பிள்ளையை மேலே படிக்கச் சொன்னாள். 'ஏழை அடியாள் கதறுகிறேன்' என்று அவள் பாடியது 'ஏழை அடியான் கதறுகிறேன்' என்று இருந்தது. 'பெற்ற வயிறு எரிகிறதே' என்பது 'பெற்ற மனது வாடியதே' என்று ஆகியிருந்தது. ஒவ்வொரு அடியிலும் அவளைக் கையைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டு, யாரோ ஒரு மனுஷன் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான்.

அலாவுதீன் மத்தியானம் வந்து கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவர் கால் கழுவும் வரை அவள் பொறுத்திருந்தாள்.

"இது யார் வீட்டு முனாஜாத்துங்க?"

"என்ன கேள்வி இது? நம்ம வீட்டுதான்."

"நம்ம வீட்டுல ஆம்பளப் புள்ள ஏது? இதுல ஒரு ஆம்பள, அவன் மவனுக்குக் கண்ணு வேணும்னு அழுவுறான். யாரு அவன்?"

அலாவுதீன் புத்தகத்தை வாங்கி, தெரிந்ததுபோல் இரண்டு பக்கம் புரட்டினார். "ஜபருல்லா பேரு கேட்டான், ஆயிஷா உம்மா. கடை நெறய ஆளு. தைலம் வாங்க வந்த மலாய்க்காரன், கடை வச்சிருக்கற ஒரு சீனத் தௌகே, நம்மாளுங்க வேற. அங்க நின்னுக்கிட்டு ஒம் பேரை எப்படிச் சொல்றது? அதான் எம் பேரைச் சொல்லிட்டேன்."

"எம் பேரு அவ்வளவு கெட்ட பேரா?"

"நல்ல பேருங்கறதாலதான் சொல்லல."

அவர் பொய் சொல்லவில்லை. வீட்டுப் பெண்ணின் பெயரைக் கடைத்தெருவில் சொல்வது அவரைப் பொறுத்தவரை அவளைக் கூட்டிப்போய்த் தெருவில் நிறுத்துவதுபோல. வீட்டுக்குள்ளேயே அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மரியாதையே குறுக்கே வந்து நிற்கும்போது யாரோடு சண்டை போடுவது என்று சலேஹாவுக்கு விளங்கவில்லை.

"அட்டையில உங்க பேரு இருந்துட்டுப் போவட்டும். அதுக்கு நான் அழல. உள்ளாற இருக்கறத மாத்துனது யாரு? நேந்தவ நானு. கேட்டவ ஒருத்தி, தீக்கறவன் வேற ஒருத்தன்னா அது எப்படிங்க நேச்சை ஆவும்?"

"அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

"தெரியும். அப்ப எதுக்கு அச்சுப் போட்டோம்?"

அலாவுதீன் சட்டையை மாட்டிக்கொண்டு அச்சுக்கூடத்துக்கு நடந்தார்.

ஜபருல்லா ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு. பக்கத்து முக்காலியில் சுலைமான் லெப்பை. இவர் தர்காவில் மற்றவர்களுக்காக வேண்டித் துஆ ஓதுகிறவர். மீதி நேரத்தில் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துவார், அரபு எழுத்தில் எழுதிய தமிழைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுப்பதும் அவர்தான். நல்ல மனுஷன். யாருக்காவது ஒரு உதவி செய்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் முகம் மலர்ந்திருக்கும்.

"வாங்க நானா. புத்தகம் நல்லாப் போவுது" என்றார் ஜபருல்லா.

"அதுல... இந்த பாலகன் எப்படி வந்தான்?"

லெப்பை இதற்காகவே காத்திருந்தவர்போல முக்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தார். குரலை இறக்கிக்கொண்டார். "நீங்க பாத்துட்டுச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன் நானா. நீங்க குடுத்த தாள்ல பாலூட்டி வளர்த்தன்னு எழுதியிருந்துச்சு. அடியாள்னு வேற. அடுப்பு வேலையோட வேலையா எழுதுனது, நெனப்பு எங்கயோ இருந்திருக்கும். ஆம்பள பாலூட்டுனான்னு அச்சுல வந்தா ஊரு சிரிக்காதா? அதான் நானே ஒழுங்கு பண்ணிட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடல."

அலாவுதீன், "ரொம்ப உபகாரம்" என்று சொல்லிவிட்டார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எதற்குச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. "பைங்கிளி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"பைங்கிளின்னா பொண்ணுன்னு நெனச்சிருவாங்க. துஆல புள்ளைன்னா பொதுவா ஆம்பளப் புள்ளைதான். பொண்ணும் அதுக்குள்ள அடக்கம்."

"அடியாள்னே விட்டிருந்தா?"

ஜபருல்லா எழுத்துக் கட்டையைக் கீழே வைத்தார். இது அவருடைய வியாபாரம். "எந்த ஆம்பள வாங்குவான் நானா? அடியான்னு போட்டா ரெண்டு பேரும் ஓதலாம். பொம்பளைங்க அதுக்குள்ள அடக்கம்."

"அப்ப அடியாள்னு போட்டா ஆம்பளைங்க அதுக்குள்ள அடக்கம் இல்லையா?"

"அவன் எப்படி அடங்குவான்?"

"ஏன், பெரியவங்க பாடியிருக்காங்கதானே? தன்னைப் பொண்ணாட்டம் வச்சு, அல்லாஹ்வை நாயகனாட்டம் வச்சு. மௌலூது ஓதறப்ப கேட்டிருக்கேன்."

"அது ஞானம்" என்றார் லெப்பை.

"ஆம்பள பொண்ணாப் பாடுனா ஞானம். சரி. பொண்ணு பொண்ணாவே பாடுனா?"

லெப்பை ஜபருல்லாவைப் பார்த்தார். ஜபருல்லா லெப்பையைப் பார்த்தார். "அது வீட்டு விஷயம்லா" என்றார் ஜபருல்லா.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அதற்குள் வெளியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "இவருதானா அந்தப் புலவரு?" என்று கேட்டுவிட்டார். அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து சரக்கு எடுக்க வந்த வியாபாரியாம். அலாவுதீனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூட்டைக்காரர்களின் இலையைத் தவிர யாரும் இவருடைய கைக்கு அருகில் எதையும் கொண்டுவந்ததில்லை. கூச்சமாக இருந்தது, இனிக்கவும் செய்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் துறையில் பிச்சைமுத்து சாப்பிட வந்தார். கோர்ட்டு வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவர். இங்கிலீஷும் தமிழும் அவர் பேனாவிலிருந்து ஒரே வேகத்தில் வரும். அலாவுதீன் அவர் இலையில் ஒரு துண்டு கறியைக் கூடுதலாக வைத்து, யாருக்கோ வந்த சந்தேகம்போலக் கேட்டார்.

"பொம்பள மனு குடுத்தா எப்படிங்க எழுதுவீங்க?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் பாய். தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்னு ஆரம்பிப்பேன். இங்கிலீஷ்ல ஹீ, ஹிஸ். சட்டத்துலயே இருக்கு, ஹீன்னு எழுதுனா ஷீயும் அதுல சேத்தி."

"ஷீன்னு எழுதுனா ஹீயும் சேத்தியா?"

பிச்சைமுத்து சோற்றைப் பிசைவதை நிறுத்தி யோசித்தார். "அப்படிப் போட்டிருக்கறதா ஞாபகம் இல்ல."

"அதனால யாருக்கும் சூசா, தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"சூசா என்ன சூசா. ஒரே ஒரு தடவை வந்துச்சு. நல்லம்மாள்னு ஒரு பொம்பள. புருசன் துறையில தோணிக்கும் படிக்கும் நடுவுல விழுந்து செத்துட்டான். அவளுக்கு உதவி கேட்டு மனு. வேற ஒருத்தனுக்கு எழுதினது கையில இருந்துச்சு, அதையே பாத்து எழுதிட்டேன். அவ பேருகூட புருசன் பேருக்குப் பக்கத்துல சின்னதா. ஆபீசுல ஒருத்தன் வெளிய வந்து, மனுக்காரன் யாருய்யா, உள்ள வான்னு கூப்பிட்டிருக்கான். இவ பெஞ்சுலயே உக்காந்திருக்கா. யாரோ ஆம்பளயக் கூப்பிடறாங்கன்னு நெனச்சுக்கிட்டு. பொழுது சாஞ்சப்பறம் எழுந்து வீட்டுக்குப் போயிட்டா."

"அப்பறம்?"

"அப்பறம் வேற மனு எழுதினேன். ஷீ, ஹர்னு சரியா எழுதினேன். எதுக்கும் இருக்கட்டும்னு அவ அண்ணனையும் கூட அனுப்பிச்சேன்." பிச்சைமுத்து இலையை மடித்தார். "இப்ப எதுக்கு பாய் இதெல்லாம்? பாட்டுல வருதா?"

அலாவுதீனுக்கு அதன் பிறகு வியாபாரத்தில் மனசு ஓடவில்லை. வெண்டைக்காய் கேட்டவனுக்கு மீனை ஊற்றினார். துஆவை வானத்துக்கு எடுத்துப்போகிற வானவர்களான மலக்குகள் சூலியா தெருப் பின் சந்தில் இறங்கி, கண் நோவுக்காரப் பையனைப் பெற்ற ஆண்பிள்ளை யார் என்று வீடு வீடாகக் கேட்டுப் போவதுபோல ஒரு நினைப்பு. மலக்குகள் அப்படி ஏமாறமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆபீஸ்காரனும் அவ்வளவு முட்டாள் இல்லைதானே. இப்படியும் இருக்கிறது, அப்படியும் இருக்கிறது.

சாயந்திரம் சலேஹாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைச் சட்டியிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம துஆவும் அந்த பெஞ்சுலதாங்க உக்காந்திருக்கு" என்றாள்.

"லெப்பை நல்ல எண்ணத்துலதான் செஞ்சாரு."

"எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்கீங்க. நீங்க என் மரியாதைக்காக. அவரு உங்க மரியாதைக்காக. நடுவுல நான் எங்கன்னு தேடுனா காணல."

"சொல்லிர்றேன். ஜபருல்லாகிட்ட பக்குவமா சொல்லிர்றேன்."

சொல்லவில்லை. பட்டர்வொர்த் வியாபாரி மறுபடியும் வந்து, பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, நாலு அடி பாடிக் கொடுங்கள் என்றார். அலாவுதீன் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து, யாருக்கோ கேட்கிறார்கள் என்று சலேஹாவிடம் வாங்கிக்கொண்டு போனார். அவளும் எரிச்சலோடு நாலு அடி சொன்னாள். பிறகு ஒரு நாள் துறையில் குந்தியிருந்தபோது தானே ஓர் அடி கட்டிப் பார்த்தார். 'கடலோரம் நிற்கின்ற கப்பலே' என்று வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஆனாலும் தொப்பியை இப்போது கொஞ்சம் சாய்த்து வைக்கிறார் என்று ஹமீதா கவனித்துச் சொன்னாள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயுசு முழுக்கத் தோளில் சோற்றைச் சுமந்த மனுஷனுக்குத் தலையில் ஒரு பட்டம் வந்தால் உடனே கழற்றி வைக்கத் தோன்றாது.

அப்போதுதான் ஆயிஷாவின் இடது கண் மறுபடியும் சிவந்தது.

காலையில் லேசான சிவப்பு. மத்தியானம் பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பியது. ஹமீதா தூசி விழுந்திருக்கும் என்றாள். அலாவுதீன் அடுப்புப் புகை என்றார். சலேஹா வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கண்ணில் ஒற்றி எடுத்தாள். எல்லாரும் போன பிறகு, "போய்ச் சேரலைங்க" என்றாள். "நேச்சை போய்ச் சேரல. கேட்டப்ப அழுதேன், குடுத்தான். குடுத்தப்பறம் நான் போய் நிக்கல. யாரையோ அனுப்பிட்டேன்."

"கண்ணு நோவு திரும்பித் திரும்பி வரும், ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்கதானே?"

"சொன்னாங்க. அதுவாவும் இருக்கலாம். இதுவாவும் இருக்கலாம். எனக்கு எப்படிங்க தெரியும்?" துணியை மறுபடியும் வெந்நீரில் நனைத்தாள். "எனக்குப் பயமா இருக்கு."

சலேஹா பயம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவருக்கும் பயம் வந்துவிட்டது. வியாழக்கிழமை தர்காவுக்குப் போய் நேர்ச்சையை ஓதி முடித்துவிடுவது என்று அப்போதே சொன்னார். எதை ஓதுவது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. புத்தகத்துக்குப் பதிலாக வேறு என்ன கொண்டுபோவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் அஸர் தொழுத பிறகு தர்காவில் நல்ல கூட்டம். சாம்பிராணிப் புகை, மல்லிகைச் சரம், வாசலில் சர்பத்காரனின் மணி. பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. சலேஹாவும் ஹமீதாவும் திரைக்கு அந்தப் பக்கம் போனார்கள். ஆயிஷா சின்னப் பிள்ளைதானே, வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றது. புலவர் வருகிறார் என்று ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஜபருல்லா புதுக் கைலி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அலாவுதீன் புத்தகங்களைத் தட்டில் வைத்தார். மேலே பூவும் சர்க்கரையும் வைத்தார்.

சுலைமான் லெப்பை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பத்திரம் ஆனாலும் நிக்காஹ் பதிவு ஆனாலும் ஒருவருக்கு வாப்பா பெயரைத்தான் கேட்பார்கள். நேர்ச்சை துஆவுக்கு மட்டும் தாயின் பெயர். இன்ன தாயின் பிள்ளை இன்னார் கேட்டதை ஏற்றுக்கொள் என்றுதான் அங்கே சொல்வது வழக்கம். ஏன் என்று கேட்டால் லெப்பைக்குத் தெரியாது, பெரியவர்கள் வழக்கம் என்பார்.

"நேந்தவங்க ஷேக் அலாவுதீன்" என்று லெப்பை தானே ஆரம்பித்தார். "உம்மா பேரு சொல்லுங்க நானா."

அவருடைய உம்மாவின் பெயர் அவர் நாக்கில்தான் இருந்தது. சொன்னால் போதும். இரண்டு நிமிஷத்தில் துஆ முடியும், சர்க்கரை பங்கு வைப்பார்கள், நாளைக்குத் துறையில் புலவர் வந்துட்டாரு என்பார்கள். ஆயிஷா ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மறு கண்ணால் அவரை நிமிர்ந்து பார்த்தது. விளக்கு வெளிச்சம் அதற்கு ஆகவில்லை.

"நேந்தது நான் இல்ல, லெப்பை."

"பின்ன யாரு?"

"வீட்ல."

"வீட்லன்னு சொல்லி துஆ கேக்க முடியாதே நானா. பேரு வேணும்."

அலாவுதீன் தொண்டையைச் செருமினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சலேஹா" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயால் அந்தப் பெயர் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்ட பிறகு மீதி தானாக வந்தது. "பாட்டும் அவளுதுதான். எனக்குப் பாடல்லாம் வராது. கடையில ஆளுங்க இருந்தாங்கன்னு எம் பேரைச் சொல்லிட்டேன்."

ஜபருல்லா தட்டில் இருந்த அட்டைகளைப் பார்த்தார். லெப்பை அலாவுதீன் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்தப் பாலூட்டி..."

"அவ சரியாத்தான் எழுதியிருந்தா."

லெப்பையின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல மெல்லச் சிவந்தது. பின் வரிசையில் யாரோ, என்னவாம் என்று கேட்டார்கள், பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. லெப்பை ஆக வேண்டிய வேலையைப் பிடித்துக்கொண்டார். "சரி. சலேஹா. தாய் பேரு?"

அலாவுதீன் மறுபடியும் விழித்தார். மாமியார் சொந்த ஊரிலேயே மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது. இருந்த காலத்தில் அவருக்கு மாமி, மற்றவர்களுக்கு சலேஹா உம்மா. அந்த அம்மாளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்பது இந்த நிமிஷம் வரைக்கும் அவருக்குத் தோன்றவே இல்லை. வேறு வழியில்லாமல் திரைப் பக்கம் திரும்பினார்.

"சலேஹா. உங்க உம்மா பேரு என்ன?"

திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. பிறகு, "பாத்துமுத்து" என்று அவள் குரல் வந்தது. தெளிவாகத்தான் வந்தது.

"பாத்துமுத்து மகள் சலேஹா" என்று லெப்பை சொல்லிக்கொண்டார். வழக்கம்போலத் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

"லெப்பை, அதை ஓதாதீங்க" என்றாள் சலேஹா.

லெப்பையின் கை அப்படியே நின்றது.

"அதுல இருக்கற ஆளை எனக்குத் தெரியாது. நேந்தது நானு. நானே ஓதிக்கிறேன்."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓதி ஆண்கள் கேட்பதா, கூடாதா என்று அங்கே யாருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. வீட்டு மௌலூதில் கேட்டதுண்டு. தர்காவில் கேட்டதில்லை. லெப்பை யோசித்து முடிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். அம்மியின் வேகத்துக்குக் கட்டிய பாட்டு. இங்கே அம்மி இல்லாததால் அது மெதுவாக நடந்தது.

பாலூட்டி நான் வளர்த்த பைங்கிளியின் கண்ணிரண்டும்
பாழாகிப் போகாமல் பார்த்தருள்வாய் ரஹ்மானே

இந்த இடத்தில் கேட்டிருப்பவர்கள் ஆமீன் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கம் ஹமீதாவும் இரண்டு மூன்று பேரும் சொன்னார்கள். இந்தப் பக்கம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலூட்டிய ஒருத்தியின் துஆவுக்கு மீசை வைத்த நாம் எப்படி ஆமீன் சொல்வது என்று யோசித்தார்களோ, சொல்லாமல் இருப்பதுதான் பாவம் என்று யோசித்தார்களோ, தெரியவில்லை. லெப்பையின் கைகள் பாதி உயர்ந்து நடுவில் நின்றன.

ஷேக் அலாவுதீன் இரண்டு கையையும் ஏந்தினார். "ஆமீன்" என்றார். பெரிய கூட்டத்தில் ஒற்றைக் குரல் எவ்வளவு மெலிதாகக் கேட்கும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. சலேஹா காத்திருந்தாள்.

லெப்பை கண்ணாடியைக் கழற்றி, கைகளை முழுதாக உயர்த்தி, "ஆமீன்" என்றார். அவள் அப்போதும் தொடங்கவில்லை. ஜபருல்லா சொன்னார். முன்வரிசை சொன்னது. என்ன நடந்தது என்று இன்னும் விளங்காத பின்வரிசையும், வாசலில் நின்ற சர்பத்காரனும் சொன்னார்கள். எல்லாருடைய ஆமீனும் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் அடுத்த அடிக்குப் போனாள்.